பிரெஞ்சுக் காலனி ஆட்சியில் சொல்லும் வன்முறையும்: ஒரு மனப்பாங்கு வரலாறு

1999 அக்டோபர் 18ஆம் நாளிட்ட பிரெஞ்சுச் சட்டம் ஒன்று மிகச் சிறியது. நடைமுறையிலிருந்த சட்டங்களில் ‘வட ஆப்பிரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்’ எனப் பொருள்படும் தொடர் வருமிடங்களில் அதனை நீக்கி, ‘அல்ஜீரியப் போர்’ என்றும், துனீசியாவிலும் மொராக்கோவிலும் நிகழ்ந்த ‘சண்டைகள்’ என்றும் எழுதவேண்டும் என்பதே அதன் சாரம். போர் முடிந்தது 1962இல். அதனைப் போர் என்று சட்டம் ஏற்க 37 ஆண்டுகள் கடந்தன. ஒரு நாட்டின் சட்டமன்றம் பெயர்மாற்றம் ஒன்றுக்காகவே கூடுமாயின், அப்பெயர் அத்தனை காலம் எதைத் தாங்கி நின்றது என்னும் வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகிறது.

பிரெஞ்சுக் காலனி ஆட்சி 1830இல் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது முதல் 1962இல் அல்ஜீரியாவை விட்டகன்றது வரை, வன்முறையைக் குறிக்கத் தனக்கென ஒரு சொற்றொகுதியை ஆக்கிக்கொண்டது. இச்சொற்கள் பொய்கள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆண்டவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மடல்களிலும் இவற்றையே வழங்கினர். இவற்றைக் கொண்டே சிந்தித்தனர். அச்சொற்றொகுதியில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆளப்பட்டவரின் வன்முறை அவர்தம் இயல்பின்பாற் படும். ஆண்டவரின் வன்முறையோ முறைமையின்பாற் படும், அல்லது தற்செயலின்பாற் படும். இப்பங்கீட்டை அறியாமல் அகராதி காட்டும் நேர்ச்சொல்லை எடுத்துப் பெயர்ப்பவர் அப்பங்கீட்டையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவருகிறார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

‘மனப்பாங்கு’ என்னும் கலைச்சொல்

முதலில், ஆய்வாளர் கையாளும் கலைச்சொல்லையே நோக்கவேண்டும். ‘மாந்தாலித்தே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை மனப்பாங்கு, மனப்போக்கு, மனப்பான்மை எனப் பலவாறு தமிழில் பெயர்க்கின்றனர். ‘தாழ்வு மனப்பான்மை’ என்னும் வழக்கு ஊன்றிவிட்டமையால் மூன்றாவது சொல் தனிமனித உளவியலின் சாயலை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு கூட்டத்தார் தம்மையறியாமலே பொதுவிற்கொண்ட எண்ணப்பழக்கத்தைக் குறிக்க ‘மனப்பாங்கு’ என்பதையே இங்கு ஆள்கிறோம்.

இச்சொல்லை வரலாற்றியலுக்குள் கொணர்ந்தவர்கள் மார்க் புளோக், லூசியன் ஃபெவ்ர் ஆகியோரும், 1929இல் அவர்கள் தொடங்கிய ‘அனால்’ இதழைச் சார்ந்தோரும் ஆவர். அவர்களுக்கு முன் இதனைக் கல்வியுலகில் நிலைநிறுத்தியவர் லூசியன் லெவி-புருல். 1922இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே ‘தொன்முது மனப்பாங்கு’ என்னும் பொருளது. ஐரோப்பியரல்லாத ‘தாழ்நிலைச் சமுதாயங்கள்’ ஏரணத்துக்கு முற்பட்ட முறையில் சிந்திக்கின்றன என்பது அவர் கோட்பாடு. அவர் அம்மக்களிடையே தங்கி ஆய்ந்தவர் அல்லர். பாதிரிமாரும் பயணியரும் ஆட்சி அலுவலரும் எழுதியனுப்பிய குறிப்புகளே அவருடைய சான்றுகள். பிற்காலத்தில் அக்கோட்பாட்டை அவரே பெரிதும் தளர்த்திக்கொண்டார் என்பதை அவர் மறைவுக்குப்பின் 1949இல் வெளியான குறிப்பேடுகள் காட்டுகின்றன. ஆயினும் சொல் நின்றுவிட்டது. எனவே ‘காலனி ஆட்சியின் மனப்பாங்கு’ என்று நாம் எழுதும்போது, ஆளப்பட்டவரை அளக்கச் செய்த கோலை எடுத்து ஆண்டவரை அளக்கிறோம். இதில் தவறில்லை, அக்கோல் எங்குச் செய்யப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் போதும்.

புகை

1830 ஜூனில் பிரெஞ்சுப் படை அல்ஜீரியக் கரையில் இறங்கியது. ஜூலை 5இல் அல்ஜியர்ஸ் பணிந்தது. கரையோர நகரங்களைப் பிடித்ததுபோல் உள்நாட்டைப் பிடிக்க இயலவில்லை. 1840 இறுதியில் தலைமை ஆளுநராக அமர்த்தப்பட்ட புஜோ, நெப்போலியன் காலத்து ஸ்பெயின் போரில் மறைந்து தாக்கும் படைகளை எதிர்கொண்டு பழகியவர். பகைவரின் படையைத் தேடி அலைவதைவிட அவர்கள் விதைப்பதையும் அறுப்பதையும் மேய்ப்பதையும் தடுப்பதே வெற்றிக்கு வழி என அவர் தம் அலுவலருக்கு உணர்த்தினார். ஊர்கள் எரிந்தன, தானியக் குழிகள் தோண்டப்பட்டன, மந்தைகள் ஓட்டிச்செல்லப்பட்டன.

இச்செயலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ராட்ஸியா’ என்பது. வட ஆப்பிரிக்க அரபு வழக்கில் ‘காஸியா’ என்பது ஓர் இனக்குழு மற்றொன்றின் கால்நடைகளைக் கவர்ந்துவரும் திடீர்ப் பாய்ச்சலைக் குறிக்கும். சங்க இலக்கியம் கற்றவர்க்கு வெட்சித்திணை நினைவுக்கு வரும். ஒப்புமை ஒரளவே பொருந்தும்; ஆனால் மொழிபெயர்ப்பாளர் ‘ஆநிரை கவர்தல்’ என்று எழுதிவிடக்கூடிய இடம் இது என்பதால் அதனைச் சுட்டுகிறோம். கடன்பெற்ற சொல் ஒன்றின் வழியே பிரெஞ்சுப் படை தன் செயலை அந்நாட்டு வழக்கமாக ஆக்கிக்கொண்டது. செயல் நம்முடையது, முறை அவர்களுடையது என்பது அச்சொல்லின் உட்பொருள். அளவு வேறு, நோக்கம் வேறு, கருவி வேறு என்பவற்றை அது மறைத்தது. பின்னர் இச்சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவியது. செருமானிய மொழியில் இன்று அதற்குக் காவல்துறையின் திடீர்ச் சோதனை என்பதே பொருள்.

மக்களாட்சி பற்றிய நூலால் உலகப்புகழ் பெற்ற தொக்வில் 1841இல் அல்ஜீரியாவைச் சுற்றிப்பார்த்தார். அவ்வாண்டு அவர் எழுதிய குறிப்பில், விளைச்சலை எரிப்பதும் தானியக் குழிகளை வெறுமையாக்குவதும் படைக்கலம் ஏந்தாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச்செல்வதும் வருந்தத்தக்கவை, ஆயினும் அரபியருடன் போரிட விரும்பும் எந்த மக்களும் இவற்றுக்கு இணங்கவேண்டியவர்களே என்னும் கருத்துக் காணப்படுகிறது. கொடியவர் ஒருவரின் சொற்களாயின் இவை வரலாற்றாசிரியருக்கு அவ்வளவு பயன்படா. அக்காலத்தின் நுண்ணறிவாளர் ஒருவர் தயக்கத்தோடு எழுதியவை என்பதாலேயே இவை மனப்பாங்கு வரலாற்றுக்குச் சான்றாகின்றன.

1845 ஜூனில் தாஹ்ரா மலைப்பகுதியில், உலத் ரியா என்னும் இனக்குழுவினர் குகைகளுக்குள் தஞ்சம் புகுந்தனர். படைத்தலைவர் பெலிசியே குகை வாயில்களில் தீ மூட்டச் செய்தார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கால்நடைகளும் உள்ளேயே மாண்டனர். இறந்தவர் தொகையை 500 முதல் 1000க்கு மேல் வரை பலவாறாகக் கணிக்கின்றனர். முந்திய ஆண்டில் கவெய்ஞாக் செய்து காட்டிய வழியே இது; குகைகளுக்குள் ஒளிந்தால் நரிகளுக்குச் செய்வதுபோல் புகை போடுமாறு புஜோ முன்னரே ஆணையிட்டிருந்தார். பிரெஞ்சு மொழியில் இதற்கென்றே ‘ஆன்ஃப்யுமாத்’ என்னும் பெயர்ச்சொல் வழங்கலாயிற்று.

இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? ‘புகைமூட்டிக் கொல்லுதல்’ என்பது பொருளைத் தெளிவாக்கும்; ஆனால் அச்சொல்லுக்குள் இருக்கும் வேட்டையை விட்டுவிடும். நம் வயல்வெளிகளில் எலி வளையில் ‘புகை போடுதல்’ என்னும் வழக்கு உண்டு. ஆணையிட்டவரின் கூற்றில் ‘புகை போடு’ என்றும், வரலாற்றாசிரியர் கூற்றில் ‘புகைமூட்டிக் கொன்றனர்’ என்றும் இரண்டாகப் பிரித்து எழுதுவதே தக்கது என்பது என் கருத்து. ஒரே சொல்லை இருவர் வாயிலும் வைத்தால் ஒன்று வரலாற்றாசிரியர் வேட்டைக்காரர் ஆவார், அல்லது வேட்டைக்காரர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டவர் ஆவார்.

பெலிசியே தாம் செய்ததை மறைக்காது விரிவாக எழுதியனுப்பினார். அவ்வறிக்கை கசிந்து ஜூலையில் பாரிசு மேலவையில் கண்டனம் எழுந்தது. போர் அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். புஜோ தம் அலுவலரை விடாது ஆதரித்தார். பெலிசியே பின்னர் மார்ஷல் ஆனார். 1860 முதல் 1864 வரை அல்ஜீரியாவின் தலைமை ஆளுநராகவும் இருந்தார். ஆயினும் படை ஒரு பாடம் கற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் சேன் ஆர்னோ என்னும் அலுவலர் மற்றொரு குகைக்கூட்டத்தின் வாயில்களை அடைத்து உள்ளிருந்தோரைச் சமாதியாக்கினார். தம் உடன்பிறந்தாருக்கு அவர் எழுதிய மடலில், உள்ளே 500 கொள்ளையர் கிடப்பது தம்மையன்றி எவருக்கும் தெரியாது என்றும், புஜோவுக்குத் தாம் அனுப்பிய கமுக்க அறிக்கை எளியது, வருணனை அற்றது என்றும் குறிப்பிடுகிறார். 1855இல் அச்சான அம்மடல்கள்வழியே இச்செய்தி வெளிப்பட்டது. பெலிசியே இழைத்த பிழையாகப் படையினர் கருதியது அவர் மூட்டிய தீயையன்று. அவர் எழுதிய எழுத்தை. அலுவல் உரைநடையின் வறட்சிக்கும் வன்முறைக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இவ்வறண்ட நடையின் இலக்கணம் தனியே ஆராயத்தக்கது. பிரெஞ்சில் ‘ஒன்’ என்னும் பொதுச்சுட்டு இடப்பெயர் வினைமுதலை ஆளில்லாமல் நிறுத்தும். தமிழில் அதனைப் பெயர்ப்போர் பெரும்பாலும் ‘-ப்படு’ விகுதியைப் பற்றுகின்றனர்: ‘ஊர் எரிக்கப்பட்டது’. இதற்கு நேர்மாறான நடைக்கு நம்மிடமே சான்று உண்டு. புதுச்சேரியில் துப்பாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. பொறியாளர் யார், உடன் வந்த பாதிரிமார் எவர், கொத்தரும் கூலியாட்களும் எத்தனை பேர், என்ன கருவிகளுடன் எந்தச் சுவரில் தொடங்கினர் என்பனவெல்லாம் அதில் உள்ளன. பிள்ளை ஆட்சியை எதிர்த்தவர் அல்லர். அதன் பயனை நுகர்ந்தவர். எனினும் அவர் நடையில் எழுவாய் மறைவதில்லை. ‘ஒன்’ வருமிடங்களில், யார் செய்தார் என்பது பிற சான்றால் தெரியுமாயின், எழுவாயை அடிக்குறிப்பிலாவது மீட்டுத் தருதல் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியதே.

‘அமைதிப்படுத்தல்’

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பாசிபிகாசியோன்’ என்னும் சொல் ஒரு கோட்பாடாகவே உயர்ந்தது. டோங்கினிலும் மடகாஸ்கரிலும் கலியெனி கையாண்ட முறையை அவரிடம் பணியாற்றிய லியோத்தே எழுத்தில் விளக்கினார். படை எண்ணெய்க்கறைபோல் மெல்லப் பரவவேண்டும். பின்னே சந்தை, பள்ளி, மருத்துவமனை வரவேண்டும் என்பது அதன் உவமை. மடகாஸ்கரில் கலியெனி ஆட்சியேற்ற 1896ஆம் ஆண்டு அக்டோபரில், அரசியின் அமைச்சர் ஒருவரும் அரச குடும்பத்தார் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அரசி மூன்றாம் இரணவலோனா நாடு கடத்தப்பட்டார். 1917இல் அல்ஜியர்ஸ் நகரில் இறந்தார்.

அரை நூற்றாண்டுக்குப்பின், 1947 மார்ச் 29இல், அதே தீவில் எழுச்சி வெடித்தது. அதனை அடக்கியதில் மாண்டவர் 89,000 பேர் எனப் பிரெஞ்சுப் படைத்தரப்பு முதலில் கூறியது. 1950இல் அலுவல்முறை எண்ணிக்கை 11,342 ஆகக் குறைந்தது. இரு தொகைகளும் ஒரே ஆட்சியின் ஏடுகளிலிருந்து வந்தவை. இங்கு எண்ணும் ஒரு சொல்லே. எந்த ஏட்டிலிருந்து எந்த ஆண்டில் எடுத்தது என்று சொல்லாமல் அதனைப் பெயர்த்தெழுதலாகாது.

இருவகை நோய்

ஆண்டவரின் வன்முறை அளவு மீறி வெளிப்பட்டு மறைக்கவியலாது போகும்போது என்ன பெயர் இட்டனர் என்பதே இவ்வரலாற்றின் மையப்பகுதி எனலாம்.

1899இல் வூலே, ஷனுவான் என்னும் இரு அலுவலர் தலைமையில் ஒரு படை நைஜர் ஆற்றுப்பகுதியிலிருந்து சாட் ஏரி நோக்கிச் சென்றது. வழியெங்கும் ஊர்கள் அழிந்தன; மே மாதத்தில் பிர்னி கொன்னி நகரில் பெருங்கொலை நிகழ்ந்தது. கொடுமைகள் பற்றிய செய்தி பாரிசை எட்டவே, வூலேயிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளக் குளோப் என்னும் உயரலுவலர் அனுப்பப்பட்டார். ஜூலை 14இல், பிரெஞ்சு நாட்டுப் பெருவிழா நாளில், வூலே அவரைச் சுட்டுக் கொல்லச் செய்தார். அதே வாரத்தில் வூலேயும் ஷனுவானும் தம் ஆப்பிரிக்கப் படைவீரர் கையால் மாண்டனர்.

இதற்கு அன்று தரப்பட்ட விளக்கம் ‘சூதானித்’ என்பது. அக்காலத்தில் பிரெஞ்சுச் சூடான் எனப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நிலப்பரப்பின் பெயரோடு, அழற்சி நோய்களைக் குறிக்கும் மருத்துவ விகுதியைச் சேர்த்து ஆக்கிய சொல் அது. வெயிலும் காய்ச்சலும் தனிமையும் ஐரோப்பியனின் மதியைக் கலக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் 1896இல் இதே வூலே வாகதூகு நகரைப் பிடித்து எரித்தபோது வெயில் குறைவாக இருந்ததாக எவரும் சொல்லவில்லை; அன்று அவர் பாராட்டுப் பெற்றார். ஆப்பிரிக்கர் மாண்டவரை அது போர்த்தொழில். பிரெஞ்சு மேலலுவலர் மாண்டபோது அது நோய். நோய் என்றானதும் வழக்கும் முடிந்தது. நோய்க்கு மருத்துவர் போதும், விசாரணைக்குழு வேண்டா.

இதன் மறுபக்கம் அல்ஜியர்ஸ் நகரின் உளமருத்துவப் பள்ளி. அதன் தலைவர் அந்துவான் போரோ 1918இல் முஸ்லிம்களின் உளமருத்துவம் பற்றி எழுதத் தொடங்கினார். 1932இல் ஒரு மாணவருடன் சேர்ந்து, அல்ஜீரியரின் குற்ற உந்துதல் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அல்ஜீரியர் இயல்பாகவே திடீர்ச் சினத்துக்கும் கொலைக்கும் ஆட்பட்டவர் என்பதும், அவரிடம் மூளையின் மேற்புறணியின் கட்டுப்பாடு குன்றியது என்பதும் அப்பள்ளி பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்த கொள்கை. 1953இல் பிளிதா மருத்துவமனையில் பணியேற்ற ஃபிரான்ஸ் ஃபனோன், இக்கொள்கையைப் படித்த மருத்துவர்களோடும் அதனால் வரையறுக்கப்பட்ட நோயாளிகளோடும் பணியாற்றினார். 1956இல் பதவி துறந்தார். 1961இல் வெளிவந்த அவருடைய கடைசி நூலில் இப்பள்ளியின் மறுப்புக்குத் தனியிடம் உண்டு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஐரோப்பியன் கொன்றால் காரணம் வெளியே, வானிலையில் இருந்தது. அல்ஜீரியன் கொன்றால் காரணம் உள்ளே, மூளையில் இருந்தது. ஊருக்குத் திரும்பினால் முன்னவன் தெளிவான். பின்னவனுக்குத் திரும்பிச்செல்ல வேறு ஊர் இல்லை. ‘சூதானித்’ என்பதை ‘வெப்பநாட்டுப் பித்து’ என அழகாகப் பெயர்த்துவிடலாம். அவ்வாறு செய்தால் உண்மையிலேயே அப்படியொரு நோய் உண்டு என்று வாசகர் கொள்வர். ஒலிபெயர்த்து, அது அரசியல் தேவைக்குப் பயன்பட்ட மருத்துவச்சொல் என்று விளக்குவதே நேர்மையான வழி.

படைமுகாமில் ஆக்கிய மொழி

முதல் உலகப்போரில் பிரான்சு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் படைக்குத் திரட்டியது. ‘செனகல் திராயேர்’ என்பது அவர்களின் பொதுப்பெயர். உண்மையில் பலர் செனகலைச் சேர்ந்தவர் அல்லர். 1916இல் பிரெஞ்சு அலுவலர்க்கென ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறுநூல் அச்சானது. அவ்வீரர்கள் பேசுவதாகக் கருதப்பட்ட பிரெஞ்சின் இலக்கணம் அது: வினை ஒரே வடிவில் நிற்கும், பால் வேறுபாடு இல்லை, முன்னடைகள் இல்லை, ‘யா’ என்னும் துணைச்சொல் காலத்தையும் இருப்பையும் தாங்கும். ‘பெத்தி நேக்ர்’ என்று இழிவாக வழங்கிய இக்கலவை வழக்கை 1904இலேயே தெலாஃபோஸ் என்னும் ஆட்சியலுவலரான மொழியறிஞர் விவரித்திருந்தார். சிறுநூலோ விவரிப்போடு நிற்கவில்லை. அலுவலர் தம் வீரரிடம் இவ்வாறே பேசவேண்டும் என விதித்தது.

மொழியியலார்க்கு இது அரிய சான்று. சார்ல்ஸ் பெர்கூசன் 1971இல் ‘அயலார்க்குரிய பேச்சு’ எனப் பெயரிட்ட நிகழ்வு, அதாவது மொழியறியாதாரிடம் பேசுவோர் தம் மொழியைச் சிதைத்து எளிதாக்குதல், இங்கு ஆணையாகவே அச்சேறியுள்ளது. வீரர் பேசியதை அலுவலர் கற்றனரா, அலுவலர் பேசியதை வீரர் கற்றனரா என்பதை இனிப் பிரித்தறிவது கடினம். போரின்போது தென்பிரான்சில் வீரர் சிலருக்குப் பிரெஞ்சு கற்பித்த ஓவியர் லூசி குஸ்துரியே 1920இல் வெளியிட்ட நூலில், தாங்கள் முகாமில் கற்ற பிரெஞ்சைக் கேட்டுப் பிறர் நகைப்பதை வீரர்கள் உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறார். சிதைத்த மொழியைக் கற்றுக்கொடுத்து, அதனைப் பேசுவதை அவர்தம் மூளைக்குச் சான்றாக்கினர். மேலே கண்ட பங்கீடே இங்கும் உள்ளது.

அதே படையின் அடுத்த தலைமுறைக்கு நேர்ந்ததும் ஒரு சொல்லோடு பிணைந்தது. செருமானியரிடம் சிறைப்பட்டு மீண்ட திராயேர்கள் 1944இல் டக்கார் நகருக்கு அருகிலுள்ள தியாருவா முகாமில் தமக்குரிய நிலுவை ஊதியத்தைக் கேட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் படை அவர்களைச் சுட்டது. அலுவல்முறைத் தொகை 35 பேர். அது குறைவு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஏடுகளில் இதற்குக் ‘கலகம்’ என்பதே பெயர். ‘படுகொலை’ என்னும் சொல்லைப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒருவர் செனகல் தலைவருக்கு எழுதிய மடலில் வழங்கியது 2024 நவம்பரில்.

விளிக்கும் முறையிலும் இவ்வரலாறு உண்டு. பிரெஞ்சின் ‘துய்’ தமிழின் ‘நீ’ போன்றது. ‘வூ’ ‘நீங்கள்’ போன்றது. காலனிகளில் ஐரோப்பியர் உள்நாட்டார் எவரையும், வயது நோக்காது, ‘துய்’ என விளித்தனர். தமிழில் இதைக் காட்டுதல் எளிது. இளைய காவலன் நரைத்த கிழவரை ‘நீ’ என்றால் தமிழ்ச் செவி அதன் கடுமையை உடனே அறியும். சிக்கல் மறுமொழியில் உள்ளது. அல்ஜீரிய அரபுப் பேச்சில் எதிரில் நிற்கும் ஒருவரை ‘இன்த்த’ என்பதே இயல்பு. மரியாதைப் பன்மை பெருவழக்கன்று. எனவே சிறிதளவே பிரெஞ்சறிந்த முதியவர் காவலனையும் ‘துய்’ என்பார்; அதில் இழிவு இல்லை. ஒரே இடப்பெயர் இரு வாயில் இரு பொருள் தருகிறது. முன்னதை ‘நீ’ என்றும் பின்னதை ‘நீங்கள்’ என்றும் பெயர்த்தால் பொருள் காக்கப்படும். ஆனால், ‘இவர்களுக்கு மரியாதை தெரியாது’ என்று காவலன் எண்ணுவதற்கு மூலத்தில் இருந்த காரணம் தமிழில் இராது. இதற்கு முழுத்தீர்வு இல்லை. காட்சிக்கேற்ப ஒன்றை இழக்கவேண்டும்.

குடியும் குடிமகனும்

1865 ஜூலை 14ஆம் நாளிட்ட ஆணை, அல்ஜீரிய முஸ்லிமைப் பிரெஞ்சுக்காரர் என்றது. ஆனால் தம் சமயச் சட்டத்தை விட்டு விண்ணப்பித்தால் ஒழியக் குடிமகன் அல்லர் என்றும் வைத்தது. 1881 ஜூன் 28ஆம் நாளிட்ட சட்டம் ‘அந்திஜெனா’ எனப்பட்ட தனித் தண்டனைமுறையை அங்கு நிறுவியது. அலுவலரிடம் மரியாதையின்றிப் பேசுதல், இசைவுச்சீட்டின்றிப் பயணம் செய்தல் போன்றவை உள்நாட்டார் செய்தால் மட்டுமே குற்றம். நீதிமன்றம் இன்றி ஆட்சியலுவலரே தண்டிக்கலாம். இம்முறை கொச்சின் சீனா, மேற்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களுக்கும் பரவி, 1944 முதல் 1946 வரை படிப்படியாக நீங்கியது.

அதே 1881ஆம் ஆண்டின் செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சிந்தியாவுக்கென ஓர் ஆணை வந்தது. தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, குடும்பப்பெயர் ஒன்றைச் சூடிக்கொள்ளும் இந்தியர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்டவராவர். இவர்களே ‘ரெனோன்சான்’ எனப்பட்டோர். ஒரே ஆண்டில் ஒரு கடற்கரையில் சாட்டையும் மற்றொரு கடற்கரையில் கதவும் வைக்கப்பட்டன. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து இவ்வகையினர் பலர் சைகோன் சென்றனர்; அலுவலராகவும் காவலராகவும் வரி தண்டுவோராகவும் பணியாற்றினர். வியட்நாமியப் பெரும்பான்மையினர் வெறுங்குடிகளாக இருந்த அந்நாட்டில் இத்தமிழர் வாக்குரிமை பெற்றிருந்தனர். காலனி வன்முறையின் வரலாற்றில் தமிழர் எப்போதும் அடிபட்டவர் பக்கத்திலேயே நின்றனர் என்று எழுதுவதற்கில்லை. வியட்நாமியப் பேச்சில் இந்தியரைக் குறிக்கும் ‘சா வா’ என்பது ஜாவா என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. அதில் மதிப்பு இல்லை.

‘சூஜே’ (குடி), ‘சித்வாயேன்’ (குடிமகன்) என்னும் இச்சொற்களைத் தமிழில் பெயர்க்கும்போது ஓர் இடர் உண்டு. பிரெஞ்சில் இவை முரண்பட்ட சொற்கள். தமிழில் குடி, குடிகள், குடிமக்கள், குடிமகன் யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘பிரஜை’யோ இருபொருளையும் ஏற்கும். ‘குடிமகனாகாத குடி’ என்று எழுதினால் புதிர்போல் தோன்றும். ‘உரிமையற்ற ஆளுகைக்குடி’ எனச் சற்றே நீட்டி எழுதுதல் தகும்.

போர் என்னாத போர்

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றின் ஆட்சி நடைமுறையில் இந்தியாவுக்கு மாறியது. அதே நாள் அல்ஜீரியாவில் விடுதலைப் போராளிகள் பல இடங்களில் ஒரே வேளையில் தாக்கினர். பாரிசில் தலைமை அமைச்சராக இருந்தவர் இரண்டுக்கும் ஒருவரே, மாந்தேஸ் ஃபிரான்ஸ். இந்திய நிலப்பகுதிகளைப் பேச்சின்மூலம் விட்டுக்கொடுத்த அவர், சில நாள்களில் நாடாளுமன்றத்தில், அல்ஜீரிய மாவட்டங்கள் குடியரசின் பிரிக்கவியலாத பகுதி என்றார். புதுச்சேரியின் சட்டமுறை ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்ததும் அல்ஜீரியா அதே ஆண்டு ஜூலையில் விடுதலை பெற்றபின்னரே அது நிகழ்ந்ததும் தொடர்பற்றவை அல்ல.

மாவட்டம் என்றானபின் அங்கே போர் நிகழவியலாது. போர் இரு நாடுகளுக்கிடையே நிகழ்வது. எனவே ‘நிகழ்வுகள்’, ‘ஒழுங்கு காத்தல்’, ‘அமைதிப்படுத்தல்’ என்பனவே வழங்கின. இதன் பயன் சொல்லளவில் நிற்கவில்லை. பிடிபட்டவர் போர்க்கைதிகள் ஆகார், அவர்கள் குற்றவாளிகள். கட்டாயப் படைப்பணியில் அனுப்பப்பட்ட பிரெஞ்சு இளைஞர்களும் இதனால் இழந்தனர். 1974ஆம் ஆண்டின் சட்டம் வரை அவர்கள் போர்வீரர்க்குரிய தகுதி பெறவில்லை. சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டோர் 1960இல் 20 இலட்சத்துக்கு மேல்; ஏறத்தாழ அல்ஜீரியரில் நால்வரில் ஒருவர். அதற்குப் பெயர் ‘ஒன்றுசேர்த்தல்’. கைதியை வெளியே கொண்டுசென்று சுட்டுக்கொல்வதற்குப் படைவீரர் பேச்சில் ‘விறகு பொறுக்கும் வேலை’ என்று பெயர். புலவழுக்கைக் கொச்சையில் தேடுவோர்க்கு இது சரியான எடுத்துக்காட்டு. கோப்புகளில் இதே செயல் ‘தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்’ என வரும்.

1957 ஜூனில் அல்ஜியர்ஸ் நகரில் பாராசூட் படையினர் இதழாசிரியர் ஆன்ரி அலெக்கைப் பிடித்துச் சென்று மின்கருவியாலும் நீராலும் வதைத்தனர். முந்தின நாள் பிடிபட்ட கணித ஆசிரியர் மொரீஸ் ஓதேன் திரும்பவே இல்லை. அவர் இறப்புக்கு அரசின் பொறுப்பைப் பிரான்சு ஏற்றது 2018 செப்டம்பரில். அலெக் சிறையிலிருந்து எழுதிய சிறுநூல் 1958 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச்சில் அரசு அதனைப் பறிமுதல் செய்தது. அதன் தலைப்பு ‘லா கெஸ்தியோன்’. ‘கேள்வி’ எனப் பெயர்த்தால் தலைப்பின் பாதி போய்விடும். மன்னராட்சிக் காலத்துப் பிரெஞ்சு நீதிமுறையில் ‘கெஸ்தியோன்’ என்பது உண்மையை வரவழைக்க நீதிமன்ற ஆணைப்படி செய்யும் சித்திரவதை. 1780இலும் 1788இலும் இரு கட்டமாக அது நீக்கப்பட்டது. நீக்கியதாகப் பெருமை கொள்ளும் ஒன்றின் பழைய சட்டப்பெயரையே அலெக் எடுத்து அட்டையில் வைத்தார். தமிழில் அவ்விரு பொருளும் உடைய சொல் வழக்கில் இருக்கிறது. ஒருவரைக் காவல்நிலையத்துக்கு ‘விசாரணைக்கு’ அழைத்துச் சென்றனர் என்று நாளிதழில் படிக்கும் தமிழர், கேட்டலை மட்டும் எண்ணுவதில்லை. இந்நூலைப் பெயர்ப்பவர் தலைப்பை ‘விசாரணை’ என்று வைத்தால் அடிக்குறிப்புத் தேவைப்படாது.